சாரல் மாதங்களுக்கு மட்டும் ஒத்தி

வீட்டுக் கடனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள் முகத்தைச் சுளித்தாள். "வேற விஷயமே கிடைக்கலையாம்மா உனக்கு?" என்றாள். அவள் குடியிருக்கிற வீடே பாங்குக் கடனில்தான் நிற்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதால் அது கடன் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது.

எனக்கு மறக்கவில்லை. குற்றாலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வீடு கையைவிட்டுப் போகப் பார்த்தது. போகாமல் நின்றதற்கு ஒரு தரகருக்கும், பணம் கொடுத்த செங்கோட்டை அம்மாள் ஒருவருக்கும் நான் நன்றி சொல்லவேண்டும். இரண்டு பேரும் சும்மா ஒன்றும் செய்துவிடவில்லை. தரகர் தன் தரகை வாங்காமல் நகரமாட்டார். அந்த அம்மாளோ தனக்குச் சேரவேண்டியதில் இம்மிகூட விட்டுத்தரமாட்டார். தியாகம் செய்தவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்காக நடந்துகொண்டவர்களைப் பற்றி யாராவது எழுதவேண்டாமா?

ஐம்பதுகளின் கடைசி அது. பேரருவிக்குப் போகிற பாதையிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு தெருவில் எங்கள் ஓட்டு வீடு. முன்னால் இரண்டு அறை, நடுவில் கூடம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் மாடு இல்லாத மாட்டுத்தொழு. என் மாமனார் கட்டியது. அவர் காலமான பிறகு இரண்டு மகன்களுக்கும் பொதுச்சொத்தாக நின்றது. இளையவர் என் வீட்டுக்காரர். தென்காசியில் ஒரு மரக்கடையில் கணக்கெழுதினார். மூத்தவர், என் மூத்தார், மதுரையில் கடை வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தன் பாகத்துக்கான பணத்தைத் தை பிறப்பதற்குள் கொடுத்தால் எங்களுக்கே எழுதித் தருவதாகவும், இல்லாவிட்டால் வீட்டை மொத்தமாக விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

மூத்தாரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் வாங்குவதற்கு ஒரு ஆள் ஏற்கெனவே வந்து, நான் அடுக்களையில் நிற்கும்போதே சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தான். இதை இடித்துவிட்டு சீசன்காரர்களுக்கு லாட்ஜ் கட்டப் போவதாகச் சொன்னான். அவன் போனபிறகும் அந்தத் தட்டல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மரக்கடைச் சம்பளத்தில் இன்னொரு வீடு என்பது எங்களுக்குக் கனவிலும் கிடையாது.

வீடு கட்டக் கடன் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார். காலி மனையில் கட்டுவதற்குத்தான் கொடுப்பார்களாம். அண்ணன் பாகத்தை வாங்குவதற்கு இல்லையாம். போதாததற்குச் சம்பளச் சான்று வேறு கேட்டார்கள். மரக்கடை முதலாளி சம்பளத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மனிதர். அவர் எங்கே போய்ச் சான்று எழுதுவார்?

மரக்கடையில் யாரோ சொல்லித்தான் தரகர் எங்களுக்குத் தெரியவந்தார். தென்காசிக்காரர், முஸ்லிம். ஜவுளி வியாபாரத்தில் ஆரம்பித்து, அது சரிப்படாமல் வீடு, நிலம், ஒத்தி, அடமானம் என்று தரகில் இறங்கியவர். ஆள் அனுப்பியதும் வந்துவிடவில்லை. "மழை வரட்டும், வாரேன்" என்று சொல்லி அனுப்பினார். இது என்ன புதுச் சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் சைக்கிளுமாக வந்து தெருவிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். அத்தர் வாசனை மழையையும் மீறி வீட்டுக்குள் வந்தது.

"தங்கச்சி, வீட்ட வச்சுப் பணம் வாங்கணும்னு தம்பி சொன்னாரு. இந்த வீடுதானே?" என்று தெருவிலிருந்தே கேட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் உரல் நின்றது.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. "மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றேன்.

"களவாங்கவா போறோம்? கடன்தானே வாங்கப் போறோம்" என்றார், அதே சத்தத்தில். "ஒளிச்சு வாங்குன கடன்லதான் வீடு போவும் தங்கச்சி. நாலு பேருக்குத் தெரிஞ்ச கடன்ல போவாது."

உள்ளே வந்து ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இங்கன ஒழுகுது. அங்கன சுவர்ல ஓதம் ஏறியிருக்கு. தொழுவுல ஓடு மாத்தணும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மழையில்தான் வருவேன் என்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வெயில் காலத்தில் குற்றாலத்தில் எல்லா வீடும் அரண்மனைதான், மழையில் நிற்கிறதுதான் வீடு என்பது அவர் கட்சி.

"பணம் குடுக்கறவங்ககிட்டயும் இதையெல்லாம் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அதத்தான் சொல்லுவேன். நான் சொன்னா அது குறை. அவுகளா கண்டுபிடிச்சா அது களவு" என்றார். பிறகு தன் தரகு நூற்றுக்கு எவ்வளவு என்பதையும் அதே மூச்சில் சொன்னார். காப்பி கொடுத்தேன். சர்க்கரை குறைச்சல் என்று அதையும் மறைக்காமல் சொன்னார்.

கடன் விஷயம் எனக்கு அடியோடு தெரியாதது இல்லை. நான் பிறந்து வளர்ந்ததே தென்காசியில் ஒரு ஒத்தி வீட்டில்தான். என் அப்பா வீட்டுக்காரரிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் குடியிருந்தார். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. நாங்கள் காலி செய்த அன்று கொடுத்த தொகை அப்படியே திரும்பி வந்தது. அதாவது அந்த வீட்டுக்காரர் எங்கள் அப்பாவிடம் கடன்பட்டவர். நாங்கள் அவர் வீட்டில் இருந்ததுதான் வட்டி. ஒத்தியின் ஒரு பக்கம் இப்படி எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறவர்களின் பக்கம்தான் தெரியாமல் இருந்தது.

வெறும் அடமானம் என்றால் வீடு எங்களிடமே இருக்கும், மாதாமாதம் வட்டி கட்டவேண்டும். அந்த வட்டி என் வீட்டுக்காரரின் சம்பளத்தைத் தின்றுவிட்டு மிச்சத்துக்கு எங்களையும் பார்க்கும். ஒத்தி என்றால் வட்டி இல்லை. ஆனால் வீட்டை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு எங்கே போவது? இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தரகர் செங்கோட்டை அம்மாளின் சங்கதியைக் கொண்டுவந்தார்.

அந்த அம்மாள் விதவை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மலையில் மரம் வெட்டுகிற காண்ட்ராக்ட்டில் புருஷன் சம்பாதித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மகன் புளியறை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டினான். அம்மாளுக்கு முழங்கால் மூட்டு இரண்டும் வீங்கி நடக்கமுடியாத கஷ்டம். சாரல் காலம் முழுக்க அருவியில் குளித்தால் அந்த வருஷத்தைத் தள்ளிவிடுவார். வருஷாவருஷம் யார் வீட்டிலாவது அறை எடுத்துத் தங்கி, சண்டை போட்டுக்கொண்டு திரும்புவதே வழக்கமாகப் போயிற்று. குற்றாலத்தில் தனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று பணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மகன் சொன்ன வழி வேறு. வீட்டைக் கிரயமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பணம் கூடுதலாகவே தருகிறோம், என்றைக்குத் திருப்பித் தருகிறீர்களோ அன்றைக்கு நாங்கள் திரும்ப எழுதித் தருகிறோம், அதுவரை நீங்களே வாடகைக்கு இருந்துகொள்ளலாம். கேட்பதற்குத் தேனாக இருந்தது. மூத்தாருக்குக் கொடுத்தது போக ஓடு மாற்றவும் காசு மிஞ்சும். என் வீட்டுக்காரர் சரி என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி" என்றார் தரகர். "கிரயம்னு எழுதுனா அது கிரயந்தான். திருப்பித் தாரோம்ங்கிறது வாயில இருக்கும், பத்திரத்துல இருக்காது. அந்த அம்மா தங்கமானவுக. நாளைக்கு அவுகளுக்கு ஒண்ணுன்னா யாருகிட்டப் போயி வாயக் காட்டுவீக?"

ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. "கிரயம்னா உங்களுக்குத் தரகும் கூடக் கிடைக்குமே அண்ணாச்சி?"

"கூடத்தான் கிடைக்கும். ஆனா ஒரே தடவ. ஒத்தின்னா வைக்கும்போது ஒரு தரகு, திருப்பும்போது ஒரு தரகு" என்று இரண்டு விரலைக் காட்டினார். "நீங்க வீட்டத் திருப்பினாத்தான் எனக்கு ரெண்டாவது வரும். அதனால நீங்க நல்லா இருக்கணும்னு துவா செய்ய தென்காசியில ஒரு ஆளு இருக்கான்னு வச்சுக்கிடுங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை விழுந்தது. 'உங்களுக்காகத்தான் சொல்கிறேன்' என்கிறவர்களை எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காது. தன் லாபத்தை மேஜைமேல் எடுத்துவைத்துவிட்டுப் பேசுகிறவரோடு எதையும் பேசலாம்.

அந்தத் துணிச்சலில்தான் வாயைத் திறந்தேன். "அந்த அம்மாவுக்கு வேண்டியது சாரல் குளிதானே? ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசம் மட்டும் ஒத்தியா வச்சுக்கிடட்டும். மத்த மாசமெல்லாம் வீடு எங்களுக்கு. அந்த மூணு மாசம் நாங்க தொழுவுல இருந்துக்கிடுதோம்."

தரகர் சிரித்தார். "வயலுக்கு ஒத்தி பாத்திருக்கேன், வீட்டுக்கு ஒத்தி பாத்திருக்கேன். மழைக்கு ஒத்தி இப்பத்தான் கேக்கேன்" என்று சொல்லிச் சிரித்தபடியே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் ஏதோ உளறிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரும் நினைத்தார். ஆனால் மறுநாளே தரகர் செங்கோட்டையில் நின்று, மூணு மாச ஒத்தி என்று தான் ஒரு யோசனை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மரக்கடை, டீக்கடை, பத்திரம் எழுதுகிறவர் வாசல் என்று எல்லா இடத்திலும் அது அவர் யோசனைதான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. யோசனை என்னுடையது, அதைத் தூக்கிக்கொண்டு மழையில் சைக்கிள் மிதித்தது அவர் என்று இப்போது பங்கு பிரித்துக்கொள்கிறேன்.

பத்திரம் எழுதுகிறவர் இப்படி ஒன்றை எழுதிப் பழக்கமில்லை என்று முரண்டு பிடித்தார். வில்லங்கம் பார்த்து, எல்லாம் சரியான பிறகு, தென்காசி ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரே நாளில் இரண்டு காரியமும் முடிந்தன. செங்கோட்டைப் பணமும், மரக்கடை முதலாளி கொடுத்த முன்பணமும் மூத்தார் கைக்குப் போயின. அவர் தன் பாகத்தை எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். வருஷத்தில் மூன்று மாதம் வீடு அந்த அம்மாளுக்கு. எந்த வருஷமும் ஆவணி முடிந்து, புரட்டாசி கழிவதற்குள் வாங்கின முதல் தொகையைக் கொடுத்து வீட்டைத் திருப்பிக்கொள்ளலாம். புரட்டாசி தாண்டிவிட்டால் அடுத்த சாரலும் அவருக்குச் சேரும். தொகையைச் சொல்லமாட்டேன். இன்றைக்கு அது ஒரு வாரத்துக் காய்கறிக்குக் காணாது, சிரிப்பீர்கள்.

முதல் ஆனியில் அந்த அம்மாள் சமையல்காரியோடும் அண்டாவோடும் எண்ணெய்ச் சட்டிகளோடும் வந்து இறங்கினார். மூன்று மாதம் என் வீட்டுக்கு நானே பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். என் அடுக்களையில் இன்னொருத்தி கடுகு தாளிக்கிற வாசனை தொழுவுக்கு வரும்போது எனக்கு வயிறு எரியும். செங்கோட்டை கொஞ்சநாள் முன்புவரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் என்பதால் அம்மாள் பேச்சில் மலையாளம் கலக்கும். எதைக் கண்டாலும் "எந்தா இது?" துவைகல் வழுக்குகிறது, கொல்லைக் கதவு கிறீச்சிடுகிறது, குழந்தை இருமுகிறது, தாய்க்காரி என்ன செய்கிறாள்? ஒருநாள் நான் புட்டுக்கு மாவு நனைப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கூடிப்போயிற்று என்றார். "ஒத்தி வீட்டுக்குத்தான், என் கைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அந்த இரண்டு நாளும் சௌகரியமாக இருந்தது.

ஆனால் அந்தப் புட்டுதான் எங்களை நிமிர்த்தியது. தெருவில் எல்லா வீட்டிலும் சீசன்காரர்கள். அருவியிலிருந்து பசியோடு வருகிறவர்களுக்குப் புட்டும் இடியாப்பமும் தொழுவிலிருந்தே செய்து கொடுத்தேன். காசு சேர்ந்தது. அதை ஏலச்சீட்டில் போட்டேன். இப்படி நான்கு சாரல் போயிற்று.

ஐந்தாவது வருஷம் சாரல் பொய்த்தது. ஆனி முழுக்க வெயில் அடித்தது. பேரருவியில் பாறைதான் தெரிந்தது, பாறையின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. தெருவில் பாதி வீடு காலி. அம்மாள் தினமும் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, "வெள்ளம் வந்தோ?" என்று அருவித் தண்ணீரை விசாரிப்பார். இல்லை என்று சொல்வதற்கு எனக்கே சங்கடமாக இருக்கும். ஆடி நடுவில், வீங்கின காலோடு வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம்தான் எனக்குச் சீட்டு விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் சேர்த்ததும் சேர்ந்து, முதல் முழுவதும் கைக்கு வந்துவிட்டது. புரட்டாசி பிறந்ததும் அவர் பணத்தோடு செங்கோட்டைக்குப் போனார். மகன் லாரி ஷெட்டிலேயே அவரை மறித்துவிட்டான். "அம்மாவுக்கு இந்த வருசம் குளி கிடைக்கல. அந்த வட்டி பாக்கி நிக்குதுல்லா? அடுத்த சாரல் முடியட்டும், பாப்போம்" என்றிருக்கிறான். கூடவே, அவசரமென்றால் வீட்டைத் தங்களுக்கே விற்றுவிடும்படி விலையும் கேட்டிருக்கிறான்.

பணத்தை வாங்கமாட்டேன் என்பதும் ஒரு தந்திரம்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்களைப்போன்றவர்கள் கையில் ஒரு தொகை நிற்கும் என்று என்ன நிச்சயம்? ஒரு காய்ச்சல், ஒரு பிரசவம், ஒரு கல்யாணம் வந்தால் கரைந்துவிடும். கரைந்த பிறகு பத்துச் சாரலானாலும் திருப்பமுடியாது. கடைசியில் வீடு அவன் கேட்ட விலைக்குப் போகும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் பணமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தென்காசியில் ஒரு வக்கீலைக் கேட்டோம். பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வழக்குப் போடலாம், ஜெயிக்கிற கேஸ்தான், ஆனால் வருஷக்கணக்காக இழுக்கும் என்றார். "ஜெயிச்சவன் வீட்ட வித்துத்தானே வக்கீலுக்குக் குடுக்கணும்?" என்றார் தரகர். அன்றைக்கு அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. கொஞ்சநேரம் பெல்ட்டைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒத்தி வாங்குன வயல்ல வெள்ளாமை பொய்ச்சா நட்டம் ஒத்திக்காரனுக்குத்தான். அதுதான் ஊர் வழக்கம். நியாயம் நம்ம பக்கம்" என்றார். "ஆனா அந்த அம்மா முட்டி வீங்கித்தான் கிடக்கு. அதுவும் நெசந்தான். ஐப்பசியில அருவி விழும்லா தங்கச்சி? முன்வீட்ட அவுகளுக்கு விடுவீகளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐப்பசி எங்கள் மாதம். தொழுவோ ஐப்பசி மழைக்கு நில்லாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "புரட்டாசி தாண்டி அவங்கள உள்ள விட்டா, ஒத்தி தொடருதுன்னு ஆகிராதா?"

"ஆகும்" என்றார் தரகர். "மறச்சு விட்டா ஆகும். அதனாலதான் நாம புரட்டாசியிலயே போறோம். பணத்தை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க."

மூன்று பேரும் செங்கோட்டைக்குப் போனோம். அந்த அம்மாள் விதவை என்பதால் தரகர் எப்போதுமே அவர் வீட்டுக்குள் போகமாட்டார். எதிரே தெருவில் நின்றுதான் பேசுவார். அன்றைக்கும் தெருவின் நடுவில் நின்றுகொண்டு, குற்றாலத்துக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"அம்மோ! குத்தாலத்துக்காரங்க முதல் முழுசும் கொண்டாந்திருக்காங்க. புரட்டாசி இன்னும் முடியல. உங்க மகன் வேண்டாம்னுட்டாராமே, நெசந்தானா? உங்க குளி பாக்கின்னு சொன்னாராம். பணம் இந்தா இருக்கு. குளியையும் தாரோம்னு சொல்லத்தான் வந்திருக்கோம்."

தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. தறியில் இருந்த ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, பணம் வந்த செய்தி அவர் காதுக்கு எட்டவே இல்லை. "யாரு வேண்டாம்னு சொன்னது?" என்று உள்ளே மகன் இருந்த பக்கம் திரும்பிக் கேட்டார்.

என்ன பேசவேண்டும் என்று தரகர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அதெல்லாம் மறந்துபோயிற்று. அம்மாளின் காலைத்தான் பார்த்தேன். தூண் மாதிரி வீங்கியிருந்தது. "ஐப்பசியில வாங்கம்மா. அருவி விழும். முன்னறையை ஒழிச்சு வைக்கேன்" என்றேன்.

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "ஆதியம் குளி. பின்னே பணம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பணத்தை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தோம். முதலில் குளி, பிறகு பணம். பஸ்ஸில் ஏறியதும், ஏமாந்துவிட்டோமா என்று தரகரிடம் கேட்டேன். "தெரு கேட்டிருக்கு. அத்தனை பேரும் நம்ம சாட்சி" என்றார். ஆனால் அவர் முகத்திலும் வழக்கமான தெளிவு இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. அம்மாள் தனியாக வந்து இறங்கினார். சமையல்காரியை மகன் அனுப்பவில்லை, வண்டியையும் கொடுக்கவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். ஆகவே சமைத்துப் போட்டது நான், அருவிக்குக் கூட்டிப்போனது நான். பாசி பிடித்த கல்லில் அவர் தன் பாரம் முழுவதையும் என் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் கம்பியைப் பிடிக்கவைத்து அருவிக்குள் நிறுத்தினால், மணிக்கணக்காக அசையமாட்டார். அவர் விழாமல் இருக்க நானும் நிற்கவேண்டும். குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு குளித்ததில்லை. இட்லிக்கு அரைக்கவேண்டும், குழந்தையைப் பார்க்கவேண்டும் என்று எந்த நினைப்பும் அந்தத் தண்ணீருக்கு அடியில் நிற்காது. வெளியே வரும்போது பசி பிடுங்கும், கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியிருக்கும்.

தொழு ஒழுகியது. மூன்றாம் நாளே அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். "குஞ்ஞு தொழுவில கிடந்தா தீனம் வரும். கூடத்தில கொண்டு போடு" என்று, குழந்தைக்கு நோய் வந்துவிடுமே என என்னைத்தான் திட்டினார். அன்றிலிருந்து எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தோம். புட்டுக்குத் தண்ணீர் கூடிப்போயிற்று என்று மறுபடியும் சொன்னார். அந்தத் தடவை கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் காலை, முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டர் ஆபீசு எப்போ திறக்கும்?" என்று கேட்டார்.

தரகருக்குச் சொல்லி அனுப்பி, எல்லாரும் தென்காசிக்குப் போனோம். எப்படியோ கேள்விப்பட்டு மகனும் வந்து ஆபீஸ் வாசலில் நின்றான். அம்மாளிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவர் அவனைக் கையால் விலக்கிவிட்டு உள்ளே போனார். பணத்தை மேஜைமேல் வைத்தோம். எண்ணிப் பார்த்துக்கொண்டார், இரண்டு தடவை எண்ணினார். அதிகாரி வழக்கப்படி, தொகை முழுவதும் வந்து சேர்ந்ததா, பாக்கி ஏதாவது உண்டா என்று கேட்டார். மகன் வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தான்.

"முதலும் கிட்டியாச்சு, வட்டியும் கிட்டியாச்சு" என்றார் அம்மாள்.

அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார். "இதில் வட்டியே கிடையாதே அம்மா?"

"உண்டு. எல்லாம் என் தலையில விழுந்தது. ஒண்ணும் பாக்கி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகன் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வராந்தாவில் தரகர் தன் இரண்டாவது தரகை வாங்கிப் பெல்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஒரு காசு குறைத்துக்கொள்ளவில்லை. நாங்களும் குறைக்கச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் நான் யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. "உங்கள மறக்கமாட்டோம் அண்ணாச்சி" என்றேன். "மறந்துராதீக. யாராவது வீடு வைக்கணும்னா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அம்மாளை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். செங்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒரு கையில் எண்ணெய்ச் சட்டியோடு, யார் தோளையும் பிடிக்காமல் படியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். இனி இவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"ஆனியில வாங்கம்மா" என்றேன்.

"ஒத்தி தீர்ந்துபோச்சே. இனி அங்க எனக்கு என்ன உரிமை?"

"உரிமை ஒண்ணும் இல்ல. வீடு எங்க வீடு. அதனாலதான் கூப்பிடுதேன்."

அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையில் வைத்தார். பஸ் நகர்ந்த பிறகு, அத்தனை பேர் நிற்கிற இடத்தில் நின்று நான் அழுதேன்.